முத்துச்சிப்பியும் வெள்ளை முடி முளைத்த சுண்டெலியும்

முத்து எப்படி உண்டாகிறது என்று வகுப்பில் கேட்டால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் இரண்டு பதில்கள் இருக்கும். சுவாதி மழைத்துளி என்பது ஆச்சி சொன்னது. மணல் துகள் என்பது எங்கேயோ படித்தது. இரண்டும் சரியில்லை. ஆதிச்சநல்லூரிலிருந்து பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போய் விலங்கியல் பாடம் நடத்தியவன் நான். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்குப் போவதுண்டு. சிப்பிக்குச் செய்யும் அறுவையை ஒருமுறை பார்த்த பிள்ளை அப்புறம் மணல் துகள் என்று எழுதாது.

எங்கள் ஊருக்குப் பேர் முதுமக்கள் தாழிகளால்தான். ஆனால் தாமிரபரணியோடு கிழக்கே போனால் கொற்கை. கிரேக்க மாலுமிகள் வரை பேர் போன முத்துத்துறை அது. அந்தத் தொழில் எங்கள் காலத்தில் நின்றுபோனது. மன்னார் வளைகுடாப் பார்களில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961ஆம் ஆண்டில். அதற்கப்புறம் 1973 ஜூலையில், தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில், கே. அழகர்சாமியின் குழு சிப்பிக்குள் முத்தை விளைவித்துக் காட்டியது. இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்து அதுதான்.

அறுவை இப்படி நடக்கும். ஓட்டின் உட்புறத்தை ஒட்டிப் போர்த்தியிருக்கும் மேன்டில் என்ற மெல்லிய சவ்வுதான் ஓட்டின் பளபளப்பைச் சுரப்பது. ஒரு சிப்பியைப் பலிகொடுத்து, அதன் மேன்டிலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் சதுரங்களாக நறுக்குவார்கள். இன்னொரு சிப்பியை மென்தால் கலந்த கடல்நீரில் மயக்கி, வாய் திறந்ததும் ஆப்பு வைத்து, காலடியில் கீறி, இனப்பெருக்க உறுப்புக்குள் அந்தத் துண்டை நுழைப்பார்கள். பக்கத்திலேயே ஓட்டில் கடைந்த ஒரு மணி. துண்டும் மணியும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மணியை மட்டும் வைத்தால் முத்து வராது. துண்டின் செல்கள் பெருகி மணியைச் சுற்றிப் பையாக மூடி, பளபளப்பை அடுக்கடுக்காகப் பூசினால்தான் வரும். அந்தப் பை கடைசி வரை, செத்துப்போன சிப்பியின் சதைதான்.

அதாவது வளர்ப்பு முத்து என்பது பலித்துப்போன உறுப்பு மாற்று அறுவை. எல்லாமே பலிப்பதில்லை. சில சிப்பிகள் மணியைத் துப்பிவிடும், சில செத்தும் போகும். ஆனாலும் அந்நிய சதையை ஏற்கும் சிப்பிகள் ஏராளம். காரணம், சிப்பிக்கு நம்மைப் போன்ற எதிர்ப்புப் படை கிடையாது. நிணநீர்ச் செல்லும் எதிர்ப்புப் புரதமும் இல்லை. இரத்தச் செல்கள்தான் காயத்தை அடைத்து, கிருமியை விழுங்கும். தன்னுடைய இனத்துச் சிப்பியின் துண்டை ஆள் அடையாளம் பார்த்து விரட்ட அவற்றுக்குத் தெரியாது. முதுகெலும்புள்ள உயிர்களுக்குத் தெரியும். அங்கேதான் சிக்கலே.

என் சித்தி மகன் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவன். அவனுக்கு அவனுடைய அம்மாவின் சிறுநீரகத்தைப் பொருத்தியிருக்கிறார்கள். காலை ஒன்பது, இரவு ஒன்பது, எதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை. ஜப்பானில் சுக்குபா மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரியில் 1984இல் கண்டுபிடித்த மருந்து. "அண்ணே, அம்மா குடுத்த கிட்னிதானே, இத்தனை நாளாச்சே, இன்னுமா பழகல?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அம்மாவின் அடையாளக் குறிகளில் பாதிதான் அவனுக்கு வந்தது. மறுபாதி அவன் உடம்புக்கு வேற்றாள். உறவுமுறை செல்களுக்குத் தெரியாது.

பழக்க முடியுமா என்பதற்கு முதல் விடை சுண்டெலியில் கிடைத்தது. அதற்கு முன்பே, 1945இல் அமெரிக்காவில் ரே ஓவன் இரட்டைக் கன்றுகளைப் பார்த்தார். தாய் வயிற்றில் இரத்தக் குழாய்கள் இணைந்திருந்ததால் ஒன்றின் இரத்தச் செல்கள் மற்றதற்குள் கடைசிவரை வாழ்ந்தன. லண்டனில் பீட்டர் மெடவரும் பில்லிங்ஹாமும் பிரென்டும் அதை எலியில் செய்துபார்த்தார்கள். சி.பி.ஏ. இன எலி பழுப்பு, ஏ இன எலி வெள்ளை. வெள்ளைத் தோலைப் பழுப்பு எலியின் மேல் ஒட்டினால் 11 நாள் வாக்கில் அழிந்துவிடும். அவர்களோ, சினையாக இருந்த பழுப்பு எலியின் வயிற்றுத் தோலைக் கீறி, குட்டிகளுக்குள் வெள்ளை எலியின் செல்களை ஊசியால் ஏற்றினார்கள். நலமாகப் பிறந்த ஐந்து குட்டிகளுக்கு எட்டாவது வாரத்தில் வெள்ளைத் தோலை ஒட்டினார்கள். இரண்டு உதறிவிட்டன. மூன்று ஏற்றுக்கொண்டன. பழுப்பு எலியின் உடம்பில் வெள்ளை முடி வளர்ந்து நின்றது. 1953இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. 1960இல் மெடவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்தவை வேறு இரண்டு சோதனைகள். ஏற்றுக்கொண்ட எலிகளுக்கு மூன்றாவது ஓர் இனத்தின் தோலை ஒட்டிப் பார்த்தார்கள். அதை அவை அழித்துவிட்டன. ஆக, எதிர்ப்புச் சக்தி குன்றவில்லை, ஓர் இனத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. அடுத்தது, வெள்ளைத் தோலை ஏற்கெனவே எதிர்த்துப் பழகிய வேறொரு பழுப்பு எலியின் நிணநீர் முடிச்சுச் செல்களை எடுத்து ஏற்றுக்கொண்ட எலிக்குள் செலுத்தினார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் செழித்திருந்த வெள்ளைத் தோல் அழிந்தது. ஒட்டிய தோல் தன் அடையாளத்தை மாற்றிக்கொள்ளவே இல்லை. மாறியது எலிதான்.

எப்படி மாறியது? நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில், எதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி செல்கள் முதிர்கின்றன. அங்கே சொந்த உடம்பைத் தாக்கத் துடிப்பவை கொல்லப்படுகின்றன. பிறக்கும் முன்பே வெள்ளை எலியின் செல்கள் உள்ளே இருந்தால், அவையும் சொந்தம் என்ற கணக்கில் சேரும். தைமஸைத் தப்பி வருபவற்றை அடக்க வேறொரு வகை டி செல் உண்டு என்று 1995இல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி எலிகளில் காட்டினார். அதை இயக்கும் மரபணுவை மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் 2001இல், தோல் செதில் செதிலாக உரியும் ஒரு நோயாளி எலி இனத்தில் பிடித்தார்கள். 2025 நோபல் இந்த மூவருக்கும்.

மனித உடம்பை அந்நிய உறுப்புக்குப் பழக்க முயன்றவர்களும் உண்டு. அகமதாபாதில் மருத்துவர் எச்.எல். திரிவேதி, சிறுநீரகம் கொடுப்பவரின் எலும்பு மஜ்ஜைச் செல்களையும் சேர்த்துச் செலுத்தி மாத்திரையைக் குறைக்கப் பார்த்தார். பாஸ்டனில் அதே வழியில் சிகிச்சை பெற்ற ஐந்து பேரில் நான்கு பேர் மருந்தையே நிறுத்திவிட்டதாக 2008இல் அறிவித்தார்கள். ஐந்தாமவரின் சிறுநீரகம் கெட்டுப்போனது. மஜ்ஜைக்கு இடம் ஒதுக்க நோயாளியின் எதிர்ப்புப் படையை முதலில் ஒடுக்கியாக வேண்டும். அது லேசான காரியமில்லை.

எலியில் சுளுவாக நடந்தது மனிதரில் இழுபடுவதற்கு என் சித்தி மகனிடம் ஒரு காரணம் சொன்னேன். ஆய்வுக்கூட எலி நோய்க்கிருமி அதிகம் அண்டாமல் கூண்டில் வளர்ந்தது. அவனோ அம்மை, டைபாய்டு, சிக்குன்குனியா எல்லாம் பார்த்தவன். ஒவ்வொரு கிருமியையும் நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் அவனுக்குள் திரிகின்றன. அவற்றில் சில, கிருமிக்காகப் பழகிய கண்ணோடு பார்த்தே அந்நிய சதையையும் எதிரி என்று பிடித்துவிடும். தைமஸோ வயது ஏற ஏறச் சுருங்கிவிடுகிறது. புதுப் பாடம் சொல்லிக்கொடுக்கும் இடமே சிறுத்துவிட்டது.

"அப்ப மாத்திரை?" என்றான். ஒரு வேளைகூடத் தவறக்கூடாது, டாக்டர் சொல்லாமல் குறைக்கவும் கூடாது என்றேன்.