அழுக்கை அகற்றும் நீர்க்குமிழி

வாழ்வின் நிலையாமைக்கு நீர்க்குமிழியை உவமை கூறுவது நம் முன்னோர் மரபு. தோன்றிய கணமே மறையும் அக்குமிழி, வெண்கலத்தையும் உருக்கையும் அரிக்கும் வலிமையுடையது என்றால் நம்மில் எத்தனை பேர் நம்புவோம்?

1894ஆம் ஆண்டளவில் 'டேரிங்' என்னும் பிரித்தானிய நாசகாரிக் கப்பலை ஓட்டிப் பரீட்சித்தபோது, அது எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. கப்பலை உந்தும் சுழல்விசிறியின் அருகே நீரின் அழுத்தம் மிகக் குறைந்து, குமிழிகள் தோன்றியமையே காரணம். இத்தகைய குமிழிகள் நொறுங்கும்போது விசிறியின் உலோகமும் அரிக்கப்படுகிறது. நீரினுள் வெற்றிடமொன்று சுருங்கி அழியுங்கால் பேரழுத்தம் பிறக்கும் என்பதை, 1917இல் றேலி பிரபு கணித மூலம் காட்டினார்.

அன்று பகையாயிருந்த குமிழியே இன்று நமக்குப் பணியாளாகிவிட்டது. எவ்வாறு? தொட்டியொன்றில் நீரும் அழுக்ககற்றும் திரவமும் நிரப்பப்படுகின்றன. தொட்டியின் அடியிலுள்ள கருவி, மின்சாரத்தை அதிர்வாக மாற்றுகிறது. விநாடிக்கு ஏறத்தாழ 40,000 அதிர்வுகள்! 20,000க்கு மேற்பட்டால் மனிதச் செவி உணராது. அதிர்வு நீரை ஒரு கணம் இழுக்க, நுண்குமிழிகள் பிறக்கின்றன; மறுகணம் நெருக்க, அவை நொறுங்குகின்றன. பொருளை அடுத்து நொறுங்கும் குமிழியினூடே ஊசிபோன்ற நீர்த்தாரை பாய்ந்து, படிந்த அழுக்கைப் பெயர்த்துவிடுகிறது. மெல்லிய அலுமினியத் தாளை அத்தொட்டியில் அமிழ்த்திப் பார்த்தால், சிறிது நேரத்திலே துளைகள் விழக் காணலாம்.

இதன் பெரும்பயன் வைத்தியசாலையிலே விளங்கும். சத்திரசிகிச்சைக் கத்தரிக்கோலின் பொருத்தில் உலர்ந்த குருதியைத் தூரிகை எட்டாது. நீர் புகும் இடுக்கிலே குமிழியும் புகும். குருதி எஞ்சிய கருவியைக் கொதிநீராவியில் வைத்தாலும், அதன் மறைவிலே கிருமிகள் பிழைத்திருந்து நோயாளியின் உயிருக்கே உலைவைக்கலாம். ஆயினும் குமிழி கழுவுமேயன்றி, கிருமிகளை முற்றாக அழிக்காது. ஆதலின் கழுவிய பின்னர் நீராவியாற் கிருமியகற்றுதல் இன்றியமையாதது.

இச்சிறு தொட்டிகள் இல்லங்களுக்கும் வந்துவிட்டன. கல் பதியாத தங்க வளையலை அவற்றில் தூய்மை செய்யலாம். ஆனால் முத்து, மரகதம், ஓப்பல் ஆகியவற்றை இடலாகாது, அவை பழுதடையும். தொட்டி இயங்கும்போது கையை வைப்பதும் தவறு.

கப்பலின் விசிறியை அரித்ததும், வைத்தியரின் கருவியைத் துலக்குவதும் ஒரே ஆற்றல்தான். அதன் இயல்பை அறிந்து ஆள்வதிலேயே நம் நன்மை தங்கியிருக்கிறது.