ஸ்கானில் இருந்து எலும்பின் பலம்

எலும்பு எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்று திட்டமாக அறிய, அதை அழுத்தி உடைத்துத்தான் பார்க்க வேண்டும். இறந்தோர் தானம் செய்த தொடை எலும்புகளை ஆய்வுகூடங்களில் அப்படி உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். உயிரோடு இருப்பவரின் எலும்பை அப்படிச் செய்ய வழியில்லை. அதனால் சீ.ரி. ஸ்கானை வைத்து அவருடைய எலும்பைக் கணினிக்குள் அமைத்து, அங்கே உடைத்துப் பார்க்கும் முறை உருவானது.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வயதான ஒருவருக்கு எலும்பு நலிவு இருக்கும் என்று வைத்தியர் சந்தேகித்தால், வழக்கமாக டெக்ஸா ஸ்கான் எடுக்கச் சொல்வார். அதன் முடிவில் எலும்பின் அடர்த்தியைக் குறிக்கும் 'ரி ஸ்கோர்' -2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்பு நலிவு நோய் என்பது உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த வரையறை. டெக்ஸா மலிவானது, கதிர்வீச்சும் மிகக் குறைவு. ஆனால் அது பார்ப்பது எலும்பின் நிழலை மட்டுமே. தடிப்பு அதற்குத் தெரியாது. ஆகவே சிறிய உடல்வாகு உள்ளவர்களின் எலும்பு உண்மையில் இருப்பதை விட அடர்த்தி குறைந்ததாகத் தோன்றும். நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு இது பொருந்தும். மறுபக்கம், எலும்பு முறிந்து வருகிறவர்களில் கணிசமானோரின் ஸ்கோர் அந்த -2.5 கோட்டுக்கு மேலேயே இருக்கிறது.

சீ.ரி. ஸ்கான் முப்பரிமாணத்தில் பார்க்கிறது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவில் ஒரு எண் உண்டு: தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000, எலும்புக்கு நூற்றுக்கணக்கில். அடர்த்தி முன்பே தெரிந்த மாதிரிப் பொருளோடு ஒப்பிட்டு அந்த எண்களை எலும்பின் அடர்த்தியாக மாற்றுவார்கள். பிறகு தொடை எலும்பின் மேற்பகுதியை ஆயிரக்கணக்கான சிறு கனத்துண்டுகளாகக் கணினி பிரிக்கும். ஒவ்வொரு துண்டும் எவ்வளவு வளையும், எப்போது நொறுங்கும் என்பது அதன் அடர்த்தியில் இருந்து கணிக்கப்படும். கார்ட்டர், ஹேய்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1977இல் காட்டியபடி, பலம் ஏறக்குறைய அடர்த்தியின் வர்க்கத்தோடு கூடிக் குறைகிறது. அடர்த்தி மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் பலம் பாதிக்கும் கீழே போய்விடும். இப்படிக் கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடுவது விமானம், பாலம் கட்டும் பொறியியலாளர்களின் உத்தி. 1972இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதைத் தொடை எலும்புக்குப் பயன்படுத்தினார்கள்.

அடுத்து விழுத்துவது. மாடிக் குடியிருப்பின் ஈரமான குளியலறைத் தரையில் வழுக்கி இடுப்பு பக்கவாட்டில் மோதினால் எலும்பின் மேல் விசை எந்தத் திசையில் வருமோ, அதே திசையில் கணினி மாதிரியை அழுத்துவார்கள். விசை ஏற ஏறத் துண்டுகள் ஒவ்வொன்றாக நொறுங்கி, ஒரு கட்டத்தில் எலும்பு முழுவதுமே தாங்காமல் போகும். அந்த விசைதான் எலும்பின் பலம், நியூட்டனில் சொல்லப்படும். பெண்ணுக்கு இடுப்பெலும்பின் பலம் 3000 நியூட்டன், அதாவது சுமார் 300 கிலோ எடை, அல்லது அதற்கும் குறைவு என்றால் ஆபத்து அதிகம். ஆணுக்கு இந்த எல்லை 3500.

குறைகளும் உண்டு. எலும்பு நலிவைப் பார்ப்பதற்காக மட்டும் சீ.ரி. எடுப்பது வீண் கதிர்வீச்சு. அதோடு ஒருவர் எத்தனை தடவை விழுவார், பார்வை எப்படி, தசை எப்படி என்பது எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. முன்பு எலும்பு முறிந்ததா, புகைப்பழக்கம் உண்டா போன்ற வேறு விவரங்களைக் கேட்டு முறிவு ஆபத்தைக் கணிக்கும் ஃப்ராக்ஸ் கணிப்பானுக்கு இலங்கைக்கான வடிவமும் உண்டு.

ஆனால் வயிற்றுவலி, சிறுநீரகக் கல், புற்றுநோய் என்று வேறு காரணத்துக்காக ஏற்கெனவே எடுத்த சீ.ரி.யில் இடுப்பும் முள்ளந்தண்டும் பதிவாகியிருக்கும். அமெரிக்காவில் அப்படிப்பட்ட பழைய ஸ்கான்களையே எடுத்துக் கணக்கிட்டு, பின்னர் யாருக்கு இடுப்பு முறியக்கூடும் என்று கணிக்க முடிந்திருக்கிறது. 2012 குடிசனமதிப்பின்படியே நூற்றுக்குப் 12 பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டிய இலங்கைக்கு இதுவே சிக்கனமான வழி. ஃபிலிமை வைத்து இந்தக் கணக்கைச் செய்ய முடியாது. ஸ்கானோடு தரும் சீடியை எறியாமல் வைத்திருங்கள்.