டில்லியைத் தாண்டும் லாரி வரிசை

பட்டாசு ஆபீசில் மருந்து வேலை பார்க்கிறவர்கள் சாயங்காலம் வீடு திரும்புவதைச் சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகள் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் அந்த வெள்ளி நிறம் லேசில் போகாது. அது அலுமினியப் பவுடர். வெடி பளீரென்று வெள்ளையாய் மின்னுவது அதனால்தான்.

அந்தப் பவுடரில் ஒரே ஒரு அணுவை எடுத்துக்கொள்வோம். அணுவுக்கு நடுவே கரு இருக்கிறது என்று 1911இல் சொன்னவர் ரூதர்போர்டு. அந்தக் கருவை ஊதி ஊதித் தீக்குச்சியின் தலை அளவுக்கு, அதாவது 3 மில்லிமீட்டருக்கு, பெரிதாக்கினால் அணுவின் அகலம் சுமார் 120 மீட்டர் ஆகிவிடும்! பள்ளியில் 100 மீட்டர் ஓட்டத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவார்களே, அதையும் தாண்டி. அத்தனை பெரிய இடத்தில் 13 எலெக்ட்ரான்கள் மட்டும். எடையோ, 99.97 சதவீதம் அந்தக் குச்சித் தலைக்குள்ளேயே கிடக்கிறது.

அடர்த்தி என்றால் நிறையைப் பருமனால் வகுப்பது. இங்கே அணுவுக்கும் கருவுக்கும் நிறை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் கருவின் அகலம் 40,000 மடங்கு குறைவு. நீளம், அகலம், உயரம் மூன்றிலும் அப்படிக் குறைகிறதல்லவா? 40,000ஐ மூன்று தடவை பெருக்குங்கள்: 64 லட்சம் கோடி! கருவின் அடர்த்தி அத்தனை மடங்கு அதிகம்.

நிஜத் தீக்குச்சித் தலை அளவு அலுமினியம் 0.04 கிராம்கூடத் தேறாது. அதே அளவுக்கு வெறும் கருக்களை அடைத்தால்? சுமார் 32 லட்சம் டன். பத்து டன் லாரி 3 லட்சத்துக்கு மேல் வேண்டும். லாரிக்குப் பத்து மீட்டர் வீதம் வரிசையாய் நிறுத்தினால், வால் சிவகாசியில், தலை டில்லிக்கும் அப்பால். தீபாவளி லோடு ஏற்றக்கூட அவ்வளவு லாரி வராது.

இன்னொரு வேடிக்கை. சிவப்பு மத்தாப்பில் இருப்பது ஸ்ட்ரான்சியம். அதன் கருவில் பெரும்பாலும் 88 துகள்கள்; அலுமினியக் கருவில் 27தான். ஆனால் இரண்டு கருவுக்கும் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றே. 27 தீக்குச்சியை இறுக்கிக் கட்டுங்கள், 88ஐயும் கட்டுங்கள். கட்டு பருக்குமே தவிர, குச்சிகளின் நெருக்கம் மாறுமா?

சரி, வெடிக்கும்போது கருவுக்கு என்ன ஆகிறது? ஒன்றுமே ஆவதில்லை. ஆக்சிஜனோடு கைகோத்து ஆடுவதெல்லாம் வெளியில் இருக்கும் எலெக்ட்ரான்கள்தான். தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் வெள்ளையாய்ச் சாம்பல் கிடக்கும். அதற்குள்ளும் ஒவ்வொரு அலுமினியக் கருவிலும் அந்த 27 துகள்கள், கட்டுக் குலையாமல்.