கை பொட்டலத்துக்குப் போகும்போது

கார் நிக்கோபார் மூஸ் துறையில் கப்பலுக்குக் காத்திருக்கும் நம்மவர்களைப் பாருங்கள். பேச்சினிடையே கை தானாக வெற்றிலைப் பொட்டலத்துக்குப் போகும். புகையிலை போடுகிறோம் என்ற நினைவே பலருக்கு இராது. வாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலை மட்டுமல்ல, வெறும் பாக்கும் காரணம்.

இந்தத் ‘தானாக’வைப் பிடித்து நிறுத்தும் வித்தையைப் பர்மாவில் ஊ பா கின் கற்பித்தார். அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசில் குமாஸ்தாவாயிருந்து, 1948-ல் அதன் தலைவராகவே உயர்ந்தவர். (குமாஸ்தாக்கள் கவனிக்க!) சக ஊழியர்களுக்கும் தியானம் சொல்லிக் கொடுத்தார். 1955-ல் அவரிடம் வந்தார் மாண்டலேயில் பிறந்த வியாபாரி கோயங்கா. ஒற்றைத் தலைவலிக்கு மார்பியா ஊசி போட்டுப் போட்டு, அதற்கே அடிமையாகி விடுவோமோ என்ற பயம் அவருக்கு. அவரே 1969-ல் இந்தியா வந்து இம்முறையைப் பரப்பினார்.

செய்வது எளிது. புகையிலை ஆசை எழுந்தால் விரட்டவும் வேண்டாம், இணங்கவும் வேண்டாம். மூச்சைக் கவனித்தபடி, நாக்கில் ஊறுவதையும் தாடை இறுகுவதையும் சும்மா பாருங்கள். அலை போல ஏறும். சில நிமிடங்களில் இறங்கும். அமெரிக்காவில் 2011-ல் வெளியான ஆய்வொன்றில், இவ்வகைப் பயிற்சி பெற்ற சிகரெட்காரர்களில் 31 சதவீதம் பேர் 17-வது வாரத்திலும் புகைக்கவில்லை. வழக்கமான பயிற்சி பெற்றோரில் 6 சதவீதமே.

வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருப்பவர்கள் தியானத்துக்கு முன் இங்குள்ள பிஷப் ரிச்சர்ட்சன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டி விடுங்கள்.