சொட்டும் வியர்வை கணக்கில் சேராது

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். சென்னை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, விடியற்காலையில் கீழ்க்கட்டளையிலிருந்து ரேடியல் ரோட்டில் ஓடிப் பழகுகிறீர்கள். நல்லது. "எப்படியாவது முடிச்சிடணும் சார்" என்றீர்களே, அந்த "எப்படியாவது"தான் எனக்கு உறுத்துகிறது.

ஜனவரி விடியலில் என்ன சூடு என்பீர்கள். ஓடும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்கு வெப்பமாகத்தான் மாறுகிறது. அதை வெளியேற்ற முக்கியமான வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் போகும். ஆனால் ஆவியாக வேண்டும். இங்கே ஒரு பக்கம் வங்கக் கடல், இந்தப் பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பிக் கிடக்கிறது. முழங்கையிலிருந்து சொட்டுகிறதே, ஷூவுக்குள் சளக் சளக் என்கிறதே, அது அத்தனையும் வீண். தண்ணீர் போச்சு, உப்பு போச்சு, சூடு மட்டும் உள்ளேயே இருக்கிறது.

2019 செப்டம்பரில் தோஹா உலகத் தடகளப் போட்டி. வெயிலுக்குப் பயந்து பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தார்கள். அப்படியும் புறப்பட்ட 68 பேரில் 28 பேர் பாதியில் நின்றார்கள். எல்லாரும் உலகத் தரத்து வீராங்கனைகள். அவர்களைவிட நமக்கென்ன வீராப்பு?

இன்னும் பழைய கதை, 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக். கொளுத்தும் வெயில். போர்ச்சுகல்லின் பிரான்சிஸ்கோ லாசரோ, வெயில் தாக்காமலிருக்க உடம்பெல்லாம் மெழுகு பூசிக்கொண்டு ஓடினார். வியர்வைக்கு வழி அடைபட்டது. ஏறத்தாழ 30-வது கிலோமீட்டரில் விழுந்தவர் மறுநாள் இறந்துபோனார். அதே பந்தயத்தில் ஜப்பானின் ஷிசோ கனகுரி, வழியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் உபசரிப்பை ஏற்று உட்கார்ந்துவிட்டார். பிறகு 1920 ஒலிம்பிக்கில் ஓடி 16-வதாக வந்தார்.

சரி, எப்போது நிற்பது? சிக்கலே இங்கேதான். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது முதலில் தடுமாறுவது மூளை. "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று சொல்வதும் அதே மூளைதான். அதனால் முடிவை முந்தின ராத்திரியே எடுத்து, கூட ஓடுபவரிடம் சொல்லி வையுங்கள்: புழுக்கத்திலும் உடம்பு சில்லிட்டு மயிர்க்கூச்செறிந்தால், கால் பின்னினால், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அந்த இடத்தோடு சரி. வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று நம்பாதீர்கள். ஹீட் ஸ்ட்ரோக் வந்தவருக்கும் வியர்த்துக்கொண்டிருக்கும். தண்ணீரை மடமடவென்று குடித்தாலும் தீராது. ரத்தத்தில் சோடியம் இறங்கி அது தனி ஆபத்தாகும். யாராவது நினைவு தப்பி விழுந்தால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை சும்மா நிற்காமல் ஐஸ் தண்ணீரால் உடம்பைக் குளிர வையுங்கள்.

நின்றுவிட்டால் ஒரு வேலை பாக்கி: பக்கத்து வாலண்டியரிடம் பிப் நம்பரைச் சொல்லுங்கள். கனகுரி யாரிடமும் சொல்லாமல் ஊருக்குக் கப்பலேறியதால், சுவீடன் கணக்கில் வெகுகாலம் காணாமல் போனவராகவே இருந்தார். 1967-ல் கூப்பிட்டு மிச்சத்தை ஓடவைத்தார்கள். எடுத்துக்கொண்ட நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20 விநாடிச் சொச்சம்.