புத்தகம் போடப் பணம் கட்டுமுன்...

என் மாமியாருக்குப் பிரசவப் பத்தியச் சமையல் கை வந்த கலை. அங்காயப் பொடி, பூண்டுக் குழம்பு, லேகியம் கிளறும் பக்குவம் எல்லாம் வாயாலேயே சொல்வார். அளவு கேட்டால், "கண்ணளவுதான்டி!" என்பார். அவர் போன பிறகு, நான் நோட்டில் கிறுக்கி வைத்திருந்ததை எல்லாம் ஒழுங்காக எழுதினேன். "மன்னி, இதைப் புஸ்தகமாப் போடுங்கோ" என்று ஏற்றிவிட்டவள் என் நாத்தனார்.

விளம்பரம் பார்த்து ஒரு பதிப்பகத்துக்கு திங்கட்கிழமை அனுப்பினேன். செவ்வாய் சாயங்காலமே போன் வந்தது. "உங்க எழுத்துல ஒரு உயிர் இருக்கும்மா! இது வீட்டுக்கு வீடு இருக்க வேண்டிய புத்தகம்!" நான் குளிர்ந்து போனேன். 130 பக்கத்தை ஒரே ராத்திரியில் யார் படித்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை, பாருங்கள்!

300 பிரதிக்கு 45,000 ரூபாய் என்றார்கள். மாடித் தளம் பழுது பார்க்க வைத்திருந்த சீட்டுப் பணம் அது. என்னவர் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. அந்த வருஷ ஐப்பசி மழைக்குக் கூடத்தில் ஒழுகியபோது வாளி வைத்தது நான்தான்.

புத்தகம் வந்தது. அட்டையில் என் பெயரைப் பார்த்து அழுதே விட்டேன். ஆனால் வந்தது 100 பிரதிதான். "மீதி கடைகளுக்குப் போயிருக்கும்மா" என்றார்கள். எந்தக் கடைக்கு? கும்பகோணத்தில் நான் ஏறி இறங்கிய ஒரு கடையிலும் இல்லை. ஆறு மாதம் கழித்துக் கணக்குக் கேட்டேன். அதன் பிறகு போனை எடுப்பதே நின்று போயிற்று.

எங்கள் ஊர் அச்சகக்காரர் ஒருவரிடம் போய்ப் புலம்பியபோதுதான் விஷயம் புரிந்தது. இப்போது கேட்ட அளவுக்கு மட்டும் அச்சடிக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. 10 வேண்டுமானால் 10, 50 வேண்டுமானால் 50. அதனால் 300-க்குப் பணம் வாங்கிக் கொண்டு 100 மட்டும் அடித்தாலும் நமக்குத் தெரியாது. எத்தனை பிரதி நம் கைக்கு வரும், மீதி யாரிடம் இருக்கும், கணக்கு எந்த மாதம் வரும் என்று எழுதி வாங்க வேண்டும். அச்சகத்தின் பில்லையும் காட்டச் சொல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புடவைக் கடையில் நூறு ரூபாய்க்கு அரை மணி பேரம் பேசுகிறோமே!

அவர் இன்னொன்றும் சொன்னார். ஆஃப்செட்டில் அடிக்கும் புத்தகத்தைப் பாரம் பாரமாகக் கணக்கிடுவார்கள். ஒரு பாரத்துக்குப் பெரும்பாலும் 16 பக்கம். 128 பக்கம் என்றால் சரியாக 8 பாரம். என் புத்தகமோ 132! "நாலு பக்கத்தைச் சுருக்கியிருந்தா ஒன்பதாவது பாரத்துக்குப் போயிருக்க வேண்டாமேம்மா" என்றார். முன்னுரையில் நான் அளந்த அளப்பைக் குறைத்திருந்தாலே போதும்.

பில்லில் 'ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு 1,500' என்று ஒரு வரி இருந்தது. நம் நாட்டில் அந்த எண்ணை மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணம் இல்லாமலே தருகிறது. எழுதியவரே விண்ணப்பிக்கலாம். என் பிள்ளை கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னபோது, போன 1,500-ஐ விட என் அசட்டுத்தனம்தான் உறுத்தியது.

இதெல்லாம் பணத்தோடு போயிற்று. பெரிய இடி பிறகுதான் விழுந்தது. நாத்தனார் பெண்ணின் வளைகாப்புக்குத் தாம்பூலப் பையில் வைக்க 50 பிரதி கேட்டார்கள். உள்ளூரிலேயே அச்சடிக்கலாம் என்று போனால், "ஒப்பந்தத்தைக் காட்டுங்க" என்றார் அதே அச்சகக்காரர். அது முழுக்க ஆங்கிலம். நான் பத்தாவதோடு நின்றவள். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தேன். என் தம்பி படித்துவிட்டுத் தலையில் கை வைத்தான். பதிப்புரிமை முழுவதையும், அது உள்ள காலம் வரைக்கும், அவர்களுக்கே கொடுத்திருக்கிறேன்! நம் சட்டப்படி அந்தக் காலம் எவ்வளவு தெரியுமா? எழுதியவரின் ஆயுள், அதற்கு மேல் 60 வருஷம். என் மாமியாரின் லேகியத்தை நானே அச்சடிக்க, நான் போய் 60 வருஷம் ஆக வேண்டும்.

1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தைத் தம்பிதான் எனக்கு விளக்கினான். உரிமையைக் கொடுப்பது எழுத்தில், நம் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். வாய்ப் பேச்சில் போய்விடாது. எத்தனை வருஷம் என்று போடாவிட்டால் ஐந்து வருஷம் என்றுதான் கொள்வார்கள். எந்த இடத்துக்கு என்று போடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். ஆக, சட்டம் நம் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது. நாமாக எழுதிக் கொடுத்துவிட்டால் அது என்ன செய்யும்? பணமும் நாம் கட்டி, உரிமையையும் கொடுப்பது என்ன நியாயம்? அச்சுக்கூலி கொடுத்த பிறகு உரிமை நம்மிடமே இருக்கட்டும். அட்டைப் படமும், பக்கம் கட்டிய கம்ப்யூட்டர் கோப்பும் நமக்குத் தர வேண்டும் என்பதையும் தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள்.

சொந்தக் காசில் புத்தகம் போடுவது கேவலம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையையே ஏற்று நடத்தி, அதில் தம் நாவல்களை வெளியிட்டார். அவர் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவரே இல்லை. ஆனால் பத்திரிகை அவர் கையில் இருந்தது.

தம்பிக்குத் தெரிந்த வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, மூன்று மாதம் இழுத்தடித்து, உரிமையைத் திருப்பித் தருவதாக ஒரு கடிதம் வந்தது. பணம் வரவில்லை. கோப்பும் தரவில்லை. என் பெண் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து முழுவதையும் மறுபடி டைப் அடித்தாள். முன்னுரையை ஒரே பக்கமாக்கினேன். 128 பக்கத்தில் அடங்கிவிட்டது. வளைகாப்புக்குப் பத்து நாள் முன்னால் 60 பிரதி வந்து இறங்கியது. 50 பையில் போயிற்று. மிச்சத்தில் ஒன்றை என்னவர் எடுத்துப் புரட்டிவிட்டு, "அம்மா லேகியத்துக்கு வெல்லம் இன்னும் கொஞ்சம் கூடப் போடுவாளே?" என்றார்.