பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் லா பரோசா கடற்கரைக்கு

ஜூலை கடைசியில் பாடசாலை விடுமுறை விட்டதும் எம்மவர் பலர் ஸ்பெயின் பக்கம் புறப்பட்டு விடுகிறார்கள். விமானச்சீட்டு என்ன விலை, ஹொட்டலில் காலை உணவு உண்டா, ஆளுக்கு எத்தனை கிலோ கொண்டு போகலாம் என்பதெல்லாம் மாதக் கணக்கில் பேசப்படும். கடலில் பிள்ளையை யார் பார்ப்பது, அப்பப்பாவின் இன்சுலினை எங்கே வைப்பது என்பவை மட்டும் மணலில் பாயை விரித்த பிறகுதான் நினைவுக்கு வரும். இம்முறை எமது உடல்நலப் பக்கத்தில் அந்தக் கேள்விகளை முன்கூட்டியே எடுத்துக்கொள்வோம்.

தென் ஸ்பெயின் என்றதும் மாலகாவைச் சுற்றியுள்ள கொஸ்தா டெல் சோல் கரையைத்தான் பலரும் நினைப்பார்கள். அது மத்தியதரைக் கடல். அங்கே வற்றுப்பெருக்கு மிகக் குறைவு. ஆனால் பல இடங்களில் மணல் கருமையாகவும் பரும்படியாகவும் இருக்கும். சில எட்டு வைத்ததுமே ஆழம் வந்துவிடும். சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு நாங்கள் சொல்வது ஜிப்ரால்டருக்கு மேற்கே, அத்லாந்திக் கடலைப் பார்த்தபடி இருக்கும் காதிஸ் மாகாணத்தை. அங்கே சிக்லானா என்னும் ஊரின் கடற்கரை லா பரோசா. ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளத்துக்குப் பொன்னிற மென்மணல், அகலமான கரை, மெல்லச் சரியும் தரை. இரண்டு கோடைகளில் மூன்று குடும்பங்களாக நாங்கள் போய் வந்திருக்கிறோம். கைக்குழந்தை முதல் எழுபது தாண்டிய பெரியவர்கள் வரை எல்லோரும் இருந்தோம். இன்னும் தெற்கே போனால் வரும் தரிஃபாவும் அழகான இடம்தான். ஆனால் ஓயாத காற்றுக்குப் பெயர்போனது. பட்டம் கட்டி அலையில் சறுக்குபவர்களுக்கு ஏற்ற கடற்கரை அது, நடை பழகும் பிள்ளைக்கு அல்ல.

கடிகாரத்தை நம்பாதீர்கள்

வெயிலைப் பற்றி முதலில் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பெயின் 1940ஆம் ஆண்டில் தன் கடிகாரத்தை மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாற்றியது. பின்னர் திருப்பி வைக்கவேயில்லை. காதிஸோ லண்டனை விடவும் மேற்கே இருக்கிறது. கோடை நேரமும் சேர்ந்துகொள்வதால், ஜூலை மாதத்தில் அங்கே சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு அல்ல, ஏறத்தாழ 2.30 மணிக்கு. இங்கே பிரித்தானியாவில் பகல் 11 முதல் 3 வரை நிழலில் இருங்கள் என்று சொல்வார்கள். அதை அப்படியே அங்கே பின்பற்றி, ‘மூன்று மணி தாண்டிவிட்டது, இனிப் போகலாம்’ என்று இறங்கினால் நடு உச்சி வெயிலில்தான் இறங்குவீர்கள். அங்கே பகல் 12 முதல் 5 வரை கடற்கரையைத் தவிர்ப்பதே சரியான கணக்கு.

எம்மவர் வழக்கமோ இதற்கு நேர்மாறு. காலையில் ஆறுதலாக எழும்பி, எல்லோரும் முழுகி, மதியச் சாப்பாட்டைச் சமைத்துக் கட்டிக்கொண்டு ஒரு மணிக்குத்தான் வாசலைத் தாண்டுவோம். ஸ்பானியர் அந்த நேரத்தில் சாப்பிட்டு, யன்னலை மூடிவிட்டு ஓய்வெடுப்பார்கள். அவர்களைப் பார்த்துப் பழகிக்கொள்வது நல்லது. காலை 9 மணிக்குப் போய் 11.30க்குத் திரும்பி வாருங்கள். சாப்பிட்டு, பிள்ளைகளைத் தூங்க வையுங்கள். மாலை 6 மணிக்கு மறுபடி போங்கள். ஜூலையில் சூரியன் மறைவது இரவு 9.40 அளவில். ஆகவே மாலையில் மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல் விளையாடலாம். மணலும் அப்போது கால் சுடாது.

‘நாங்கள் கறுத்த ஆட்கள், எங்களுக்கு ஏன் சன் கிரீம்?’ என்று கேட்பவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது உண்டு. எமது தோலில் உள்ள நிறமி ஓரளவு காக்கும் என்பது உண்மை. தோல் புற்றுநோய் வாய்ப்பு வெள்ளையரை விட எமக்குக் குறைவு என்பதும் உண்மை. ஆனால் எமது தோலும் வெயிலில் கருகும். சிவப்பது கண்ணுக்குத் தெரியாது, எரிவும் இறுக்கமும்தான் தெரியும். முகத்தில் கரும்படை உள்ள பெண்களுக்கு அது இன்னும் கூடும். ஊரில் வெயிலிலேயே வளர்ந்தோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஊரில் உச்சி வெயிலில் எவரும் வெறும் மேலோடு நான்கு மணி நேரம் கடற்கரையில் படுத்திருந்ததில்லை என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். இங்கே பிறந்த பிள்ளைகளின் தோலுக்கு அந்தப் பழக்கமும் இல்லை.

காப்பு எண் 30 அல்லது அதற்கு மேல் உள்ள பூச்சை வாங்குங்கள். புறஊதா ‘ஏ’ கதிரையும் தடுப்பதாக இருக்க வேண்டும். உடல் முழுதும் பூச ஒரு பெரியவருக்கு ஆறு முதல் எட்டுத் தேக்கரண்டி வரை தேவைப்படும். நாம் பொதுவாகப் பூசுவது அதில் கால்வாசிகூட இருக்காது. இரண்டு மணிக்கு ஒரு தடவையும், தண்ணீரிலிருந்து ஏறித் துடைத்த பின்னரும் மறுபடி பூச வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளை நேர் வெயிலில் வைக்கவே கூடாது. முகப்பருவுக்கு டொக்சிசைக்ளின் குளிசை எடுக்கும் இளம் பிள்ளைகள் இருந்தால் கவனம்: அந்த மருந்து தோலை வெயிலுக்கு மிகவும் கூச்சப்பட வைக்கும்.

பத்துப் பேர் பார்க்கும் பிள்ளை

இனித் தண்ணீர். எம்மில் பெற்றோர் தலைமுறையில் நீந்தத் தெரிந்தவர்கள் குறைவு. பிள்ளைகள் இங்கே நீச்சல் வகுப்புக்குப் போகிறார்கள். ஆனால் குளத்தின் சூடான அசையாத தண்ணீரில் 25 மீற்றர் நீந்துவது வேறு, அத்லாந்திக் அலையில் நிற்பது வேறு. ஓகஸ்ட் மாதத்தில்கூட அங்கே கடல் 22 பாகை அளவில்தான் இருக்கும். முதலில் உடலை நனைத்துப் பழக்கிய பிறகே இறங்க வேண்டும்.

கூட்டமாகப் போவது எமது பலம் என்று நினைக்கிறோம். கடற்கரையில் அதுவே பலவீனமாகும். மாமா பார்க்கிறார் என்று அம்மா நினைப்பார். அம்மா பார்க்கிறார் என்று சித்தி நினைப்பார். மாமா கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பத்துப் பேர் பார்க்கும் பிள்ளையை உண்மையில் ஒருவரும் பார்ப்பதில்லை. தண்ணீரில் மூழ்கும் பிள்ளை சினிமாவில் வருவது போலக் கத்துவதில்லை, கையை ஆட்டுவதுமில்லை. வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழுமாகப் போக, சத்தமில்லாமல் ஒரு நிமிடத்துக்குள் தாழ்ந்துவிடும். அருகில் நிற்பவருக்கே விளையாடுவது போலத்தான் தெரியும்.

எங்கள் குடும்பங்களில் செய்துகொண்ட ஏற்பாடு இதுதான்: அரை மணிக்கு ஒருவர் காவல். காவலில் இருப்பவர் கைத்தொலைபேசியைப் பையில் போட்டுவிட வேண்டும். கதை, சாப்பாடு எதுவும் இல்லை. முறை மாறும்போது ‘இனி நீங்கள் பாருங்கோ’ என்று பெயர் சொல்லிக் கொடுத்து, மற்றவர் ‘சரி, நான் பார்க்கிறன்’ என்று வாயால் சொன்ன பிறகே இடத்தை விட வேண்டும். நீந்தத் தெரியாத சிறு பிள்ளை முழங்கால் தண்ணீரில் நின்றாலும் ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். பியரோ வைனோ குடித்தவருக்கு அன்று காவல் முறை இல்லை, கடலில் இறங்கவும் வேண்டாம். இதைச் சொன்னால் சில ஆண்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

உடுப்பும் முக்கியம். சேலையும் பஞ்சாபியும் நனைந்தால் பாரமாகிக் காலைச் சுற்றும். அலை இழுக்கும்போது எழும்ப முடியாது. மேனி மறைய வேண்டும் என்று விரும்பும் பெண்களுக்கு உடல் முழுதும் மூடும் நீச்சல் உடைகள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. வெயிலுக்கும் அவை நல்லவை. பிள்ளைகளுக்கு நீலம், வெள்ளை, சாம்பல் நிற நீச்சல் உடைகள் வேண்டாம். தண்ணீருக்குள் அவை மறைந்துபோகும். பளிச்சென்ற செம்மஞ்சள் நிறம் தூரத்திலும் தெரியும்.

லெவாந்தேயும் கொடியும்

இந்தக் கரையில் இரண்டு காற்றுகளின் பெயரை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். மேற்கிலிருந்து கடலைத் தாண்டி வருவது பொனியெந்தே. குளிர்ச்சியானது, அலையைக் கொண்டுவரும். கிழக்கிலிருந்து தரையைத் தாண்டி வருவது லெவாந்தே. வறண்டது, சூடானது, பிடித்தால் சில நாட்கள் விடாது. லெவாந்தே வீசும்போது லா பரோசாவில் கடல் பெரும்பாலும் தட்டையாக, அமைதியாகத் தோன்றும். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. காற்று கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளுகிறது. காற்றடைத்த மெத்தை, வளையம், டொல்பின் பொம்மை எதிலாவது பிள்ளை இருந்தால் நீங்கள் நீந்திப் பிடிக்க முடியாத வேகத்தில் வெளியே போய்விடும். அன்று காற்றடைத்த எதையும் தண்ணீருக்குள் கொண்டு போகாதீர்கள். பந்து போனால் போகட்டும், துரத்தக் கூடாது.

பச்சைக் கொடி என்றால் குளிக்கலாம். மஞ்சள் என்றால் அவதானம். எங்கள் கணக்கில் மஞ்சள் கொடியன்று சிறுவர்களுக்குக் கணுக்கால் தண்ணீர் மட்டும்தான். சிவப்பென்றால் ஒருவரும் இறங்கக் கூடாது. உயிர்காப்பாளரை அங்கே ‘சொக்கொரிஸ்தா’ என்பார்கள். அவர்கள் கடமையில் இருக்கும் நேரத்தில், அவர்களின் பார்வைக்குள் குளியுங்கள். இழுவை நீரோட்டத்தில் அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல் மல்லாந்து மிதந்து கையை உயர்த்த வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பழக்குங்கள். அவசர உதவி எண் 112.

அத்லாந்திக் ஆனபடியால் வற்றுப்பெருக்கு உண்டு, சில நாட்களில் மூன்று மீற்றர் வரை. ‘பாஹாமார்’ என்பது வற்று, ‘பிளெயாமார்’ என்பது பெருக்கு. வற்று நேரம் காலையில் வரும் நாட்கள் சிறுவர்களுக்குத் திருவிழா. ஈர மணலில் ஓடி விளையாட நிறைய இடம் கிடைக்கும்.

அதே வற்று நேரத்தில் மணலில் புதைந்திருக்கும் முள்மீன் ஒன்றும் உண்டு. உள்ளூரில் ‘அரான்யா’, அதாவது சிலந்தி என்பார்கள். மிதித்தால் உயிர் போகும் வலி. முள் இருந்தால் எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் அரை மணி நேரமாவது காலை வைத்திருக்க வேண்டும். சூடு விஷத்தை முறிக்கும், பனிக்கட்டி உதவாது. பிள்ளையென்றால் பெரியவர் முதலில் தன் கையை விட்டுச் சூட்டைப் பாருங்கள். இறப்பர் செருப்போடு தண்ணீரில் நடந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. சொறிமுட்டை பட்டால் கடல்நீரால் மட்டும் கழுவுங்கள். நல்ல தண்ணீர், வினாகிரி, மணல் போட்டுத் தேய்த்தல் எதுவும் வேண்டாம். மூச்சுத் திணறல், முகவீக்கம் இருந்தால் உடனே 112.

அம்மம்மாவும் அப்பப்பாவும்

நீரிழிவு உள்ளவர்களுக்குக் கடற்கரையில் முதல் எதிரி மணல். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடான மணல் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அது புண்ணாகி ஆற மாதங்கள் எடுக்கலாம். அவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. இரவில் பாதத்தின் அடியை யாராவது ஒருவர் பார்த்துவிடுங்கள்.

இன்சுலினை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டு போக வேண்டும். மருத்துவரின் கடிதமும் வேண்டும். நிறுத்திய காருக்குள் ஒருபோதும் விடாதீர்கள். கடற்கரையில் குளிர்காப்புப் பையில் வையுங்கள், பனிக்கட்டியில் முட்டக் கூடாது. வெயிலில் இன்சுலின் வேகமாக உறிஞ்சப்படும். மணலில் நடப்பதும் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். வழக்கத்தை விட அடிக்கடி சோதித்து, கையில் இனிப்பும் வைத்திருங்கள். இரத்த அழுத்தத்துக்குச் சலம் போகும் குளிசை எடுப்பவர்கள், வாந்தி வயிற்றோட்டம் வந்தால் எந்தக் குளிசையை நிறுத்துவது என்று புறப்படுமுன் குடும்ப வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தலைசுற்று, குமட்டல், கடும் வியர்வை, களைப்பு என்றால் நிழலில் படுக்க வைத்து, உடுப்பைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறி, தண்ணீர் கொடுங்கள். அரை மணியில் தேறாவிட்டாலோ, பேச்சுக் குழம்பினாலோ காத்திருக்காமல் 112ஐ அழையுங்கள். செவில் நகரைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் பெரியவர்களை ஜூலை, ஓகஸ்டில் கூட்டிப் போக வேண்டாம். அங்கே 40 பாகை சாதாரணம். அதற்குப் பதிலாகக் காதிஸ் பழைய நகருக்குப் போகலாம், கடற்காற்று இருக்கும். 2002இல் வந்த ஜேம்ஸ் பொண்ட் படத்தில் ஹவானா என்று காட்டியது அங்குள்ள லா கலேத்தா கரையைத்தான். சிக்லானாவிலிருந்து காதிஸுக்கு 2022 முதல் டிராம் வண்டி ஓடுகிறது.

சாப்பாடும் பத்திரங்களும்

பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பாற்பொருட்களும் கொண்டு போக முடியாது. குழந்தைப் பால்மாவுக்கு 2 கிலோ வரை விலக்கு உண்டு. ஆகவே பொரித்த கோழிக்கறியும் தேநீருக்கான பால்மாவும் வீட்டிலேயே இருக்கட்டும். மாவும் மிளகாய்த்தூளும் போதும். மீனும் அரிசியும் தயிரும் அங்கே நல்லதாகவே கிடைக்கும். தக்காளியில் செய்த குளிர்ந்த கஸ்பாச்சோவைக் கொஞ்சம் மிளகு தூவிக் கொடுத்தால், ரசம் குடிக்கும் பெரியவர்கள் மறுப்பதில்லை. உப்பும் நீரும் ஒன்றாகவே உடலில் சேரும்.

பிரித்தானியாவில் வசிப்பவர்கள் இலவசமான உலக சுகாதாரக் காப்புறுதி அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஸ்பெயினின் அரச மருத்துவமனைகளில் செல்லும். தனியார் சிகிச்சைக்கும், நோயாளியைத் திருப்பிக் கொண்டு வரும் செலவுக்கும் செல்லாது. பயணக் காப்புறுதி வேறாக வேண்டும். அதில் நீரிழிவையும் இதய நோயையும் மறைக்காமல் எழுதுங்கள். ஊரிலிருந்து விசாவில் வந்து நிற்கும் பெற்றோருக்கு ஷெங்கன் விசா தனியாக எடுக்க வேண்டும். அதற்கு 30,000 யூரோ பெறுமதியான மருத்துவக் காப்புறுதி கட்டாயம். கோடைக்கான நேர்முக நாட்கள் வேகமாக நிரம்பிவிடும். ஆகவே விமானச்சீட்டைப் பதிவு செய்ய முன்னர் அதைப் பாருங்கள்.